நூலகம், மைதானம், நீச்சல் தடாகம்: உள்ளூராட்சி மன்றங்களும் பொது வசதிகளின் முகாமைத்துவமும்

க.பொ.த. (சாதாரண தரம்) - குடியியற் கல்வி

மாணவர்களே,

உள்ளூராட்சி மன்றங்கள் பற்றிய வினாவிற்கு "அவை மக்களுக்குச் சேவை செய்கின்றன" என்ற ஒரே வசனத்துடன் விடையை முடித்துவிட்டால் முழுப் புள்ளிகளையும் பெற முடியாது. எந்தச் சேவை, எந்தச் சட்டத்தின்படி, எவருடைய பணத்தில், எவருடைய தீர்மானத்தின் பேரில் வழங்கப்படுகிறது என்பதையும் எழுதுதல் வேண்டும். நீங்கள் மாலையில் பத்திரிகை வாசிக்கும் பொது நூலகம், கரப்பந்தாட்டம் ஆடும் மைதானம், சில நகரங்களில் உள்ள நீச்சல் தடாகம் ஆகிய மூன்றையும் உதாரணமாகக் கொண்டு இவ்விடயத்தை இங்கு நோக்குவோம்.

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,
- பொது வசதிகளுக்குப் பொறுப்பான நிறுவனத்தை இனங்காண்பீர்கள்.
- மூலதனச் செலவையும் மீண்டெழும் செலவையும் வேறுபடுத்துவீர்கள்.
- வரையறுக்கப்பட்ட நிதியை எவ்வாறு பங்கிடலாம் என்பதைக் காரணங்களுடன் விளக்குவீர்கள்.
- பிரசை என்ற வகையில் நீங்கள் ஆற்றக்கூடிய பங்கினைக் குறிப்பிடுவீர்கள்.

1. எவருடைய பொறுப்பு?

இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூவகை உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. இவற்றின் மொத்த எண்ணிக்கை 341 ஆகும். இவை இயங்குவதற்கு அடிப்படையான சட்டங்கள் பின்வருமாறு:

- மாநகர சபைகள்: 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம்
- நகர சபைகள்: 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டம்
- பிரதேச சபைகள்: 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம்

பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றை நிருவகித்தலும், பிரதேச மக்களின் வசதியையும் நலனையும் பேணி வளர்த்தலும் பிரதேச சபையின் கடமை எனச் சட்டம் கூறுகிறது. நூலகமும் மைதானமும் இந்த "மக்கள் நலன்" என்ற பகுதிக்குள் அடங்குகின்றன. 1987 இல் நிறைவேற்றப்பட்ட 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மன்றங்களை மேற்பார்வை செய்யும் அதிகாரம் மாகாண சபைக்கு உரியது. அவற்றின் அமைப்பையும் கட்டமைப்பையும் தீர்மானிப்பது பாராளுமன்றம் இயற்றும் சட்டமாகும்.

மாணவர் பலர் தவறு விடுவது இவ்விடத்தில்தான். "எமது மாவட்டத்தின் நூலகங்களை மாவட்டச் செயலகம் நடத்துகிறது" என்று எழுதுவார்கள். அது பிழையாகும். மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் மத்திய அரசாங்கத்தின் நிருவாக அலுவலகங்கள். அங்கு பணியாற்றுவோர் நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர்கள். பிரதேச சபை என்பதோ மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உறுப்பினர்களைக் கொண்ட மன்றம். பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் நிறுவனங்கள் இரண்டு.

உதாரணமாக, மன்னார் மாவட்டத்தில் ஒரு நகர சபையும் நான்கு பிரதேச சபைகளும் உள்ளன. கிளிநொச்சி மாவட்டத்தில் மூன்று பிரதேச சபைகளும், முல்லைத்தீவு மாவட்டத்தில் நான்கு பிரதேச சபைகளும் உள்ளன. எனவே ஒரு சிறிய மாவட்டத்திற்குள்ளேயே பொது நூலகங்களும் மைதானங்களும் பல மன்றங்களின் பொறுப்பில் பிரிந்திருக்கின்றன. ஒரு சபையின் நூலகம் சிறப்பாக இயங்க, அயற்சபையின் நூலகம் பூட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எல்லா மைதானங்களும் உள்ளூராட்சி மன்றத்துக்குரியவை அல்ல என்பதையும் நினைவிற் கொள்க. பாடசாலை மைதானம் கல்வி நிருவாகத்துக்கும், கழக மைதானம் அக்கழகத்துக்கும், கொழும்பு சுகததாச விளையாட்டரங்கு போன்ற தேசிய அரங்குகள் விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் உரியவை. பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தர் போட்டிகளையும் பயிற்சிகளையும் ஒழுங்கு செய்வார். மைதானத்தின் புல்லை வெட்டுவது அவர் கடமையன்று.

2. பொது நூலகம்

கொழும்புப் பொது நூலகம் 1925 இல் உருவானது. அதனைக் கொழும்பு மாநகர சபை நடத்துகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு சற்று வேறானது. 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தனது வீட்டில் நூல்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே அதன் வித்து. அது பொதுமக்களின் ஆதரவுடன் வளர்ந்து உள்ளூராட்சி மன்றத்தின் கைக்கு வந்தது. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையானது. புதிய கட்டடம் 1959 இல் திறந்துவைக்கப்பட்டது. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் பெறுதற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. பின்னர் கட்டடம் புனரமைக்கப்பட்டு, 2000 களின் முற்பகுதியில் நூலகம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. கட்டடத்தைப் பணத்தால் மீளக் கட்டலாம். ஆனால் வேறு பிரதி இல்லாத ஓர் ஏட்டுச் சுவடியை எந்தப் பாதீட்டாலும் மீளப் பெற முடியாது. நூலகப் பாதுகாப்பு ஏன் முகாமைத்துவத்தின் முதற்பணி என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஒரு பொது நூலகத்தில் வழக்கமாக இரவல் பகுதி, உசாத்துணைப் பகுதி, சிறுவர் பகுதி, பத்திரிகைப் பகுதி என்பன இருக்கும். நூலகரின் பிரதான பணிகள்:

- நூல்களைத் தெரிவு செய்து கொள்வனவு செய்தல், சேர்க்கைப் பதிவேட்டில் பதிதல்.
- நூல்களைப் பாகுபடுத்தல். பெரும்பாலான நூலகங்களில் தூயி தசமப் பகுப்பு முறை பின்பற்றப்படுகிறது. இதில் சமூக விஞ்ஞானத்துக்கு 300, தூய விஞ்ஞானத்துக்கு 500, இலக்கியத்துக்கு 800 எனத் தொடரெண்கள் உண்டு. தமிழ் இலக்கியத்தின் எண் 894.811 ஆகும்.
- அங்கத்தவர்களைச் சேர்த்தல், இரவல் வழங்கல், தாமதக் கட்டணம் அறவிடல்.
- ஆண்டுதோறும் நூல் இருப்பைச் சரிபார்த்தல்.
- கறையான், ஈரம், கூரை ஒழுக்கு என்பவற்றிலிருந்து நூல்களைப் பாதுகாத்தல்.

தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூலகங்களுக்கு ஆலோசனையும் பயிற்சியும் வழங்குகிறது. ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் ஒரு நூலகத்தின் தரத்தை அதன் ஒக்டோபர் மாத விழாவைக் கொண்டு அளவிடலாகாது. ஏனைய பதினொரு மாதங்களிலும் அது எத்தனை மணித்தியாலம் திறந்திருந்தது, எத்தனை நூல்கள் இரவல் சென்றன, பாடசாலை விட்ட பின் மாணவர் வந்து படிக்க முடிந்ததா என்பனவே சரியான அளவுகோல்கள்.

3. விளையாட்டு மைதானம்

மைதானம் வெறும் நிலம் போலத் தோன்றும். ஆயினும் அதற்கும் இடையறாத பராமரிப்பு வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் வடகீழ்ப் பருவக்காற்று மழை கொட்டும்போது வடிகால் இல்லாத மைதானம் குளமாகிவிடும். வேலி இல்லையெனில் கால்நடைகள் புகுந்து தரையைக் குழியாக்கும். மின்விளக்கு இல்லையெனில் மாலை ஆறரை மணியுடன் பயிற்சி நின்றுவிடும்.

மைதான முகாமைத்துவத்தில் கடினமான பணி நேரத்தைப் பங்கிடுவதாகும். உதைபந்தாட்டக் கழகம், கிரிக்கெட் கழகம், பாடசாலை, நடைப்பயிற்சி செய்யும் முதியோர், களியாட்ட விழா நடத்துவோர் எனப் பலரும் ஒரே நிலத்தைக் கேட்பர். இதற்காகச் சபை உபவிதிகளை ஆக்கலாம். உபவிதிகள் உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியிடப்பட்ட பின் நடைமுறைக்கு வரும். முன்பதிவுப் பதிவேடு, கட்டண அட்டவணை, சேதம் ஏற்பட்டால் அறவிடுவதற்கான வைப்புப் பணம் என்பன ஒழுங்கைப் பேண உதவும்.

ஒரு வினாவை உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் மைதானத்தில் மாலை வேளையில் பெண் பிள்ளைகள் விளையாடுகிறார்களா? இல்லையெனில் காரணம் என்ன? "அவர்களுக்கு விருப்பமில்லை" என்று உடனே எழுதிவிடாதீர்கள். மலசலகூடம் இல்லை, உடை மாற்ற இடமில்லை, வெளிச்சமில்லை, ஒதுக்கப்பட்ட நேரமில்லை என்ற நான்கு காரணங்களையும் முதலில் சோதியுங்கள். இந்நான்கும் சபையின் தீர்மானத்தால் சீர்செய்யக் கூடியவை.

4. நீச்சல் தடாகம்

இலங்கையின் பெரும்பாலான உள்ளூராட்சி மன்றங்களுக்கு நீச்சல் தடாகம் இல்லை. அதன் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். 25 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் சராசரியாக 1.5 மீற்றர் ஆழமும் உடைய தடாகத்தின் கனவளவு 375 கன மீற்றர் ஆகும். அதாவது 375,000 லீற்றர் நீர். உலர் வலயத்தில் இது சிறிய அளவன்று. ஆகையால் நீரை அடிக்கடி மாற்றாமல் பம்பி மூலம் வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்துவர். இதற்கு மின்சாரம் வேண்டும்.

கிருமிகளை அழிப்பதற்காகக் குளோரீன் சேர்க்கப்படும். நீரின் பீ.எச். பெறுமானம் பொதுவாக 7.2 இற்கும் 7.8 இற்கும் இடையில் பேணப்படும். அது கூடினால் குளோரீனின் கிருமி கொல்லும் ஆற்றல் குறையும். (இதனை விஞ்ஞான பாடத்துடன் தொடர்புபடுத்திக் கற்க.) நீரை நாள்தோறும் பரிசோதித்துக் குறித்து வைப்பதற்குப் பயிற்சி பெற்ற ஊழியர் தேவை. யாவற்றிலும் முக்கியமாக, தடாகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் உயிர்காப்பாளர் கடமையில் இருத்தல் வேண்டும். உயிர்காப்பாளர் விடுமுறையில் எனின் தடாகமும் அன்று மூடப்பட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

அப்படியானால் தடாகம் ஆடம்பரப் பொருளா? அவ்வாறும் கூறிவிட முடியாது. கடலாலும் குளங்களாலும் சூழப்பட்ட எமது நாட்டில் நீரில் மூழ்கி இறப்போர் பலர். நீந்தக் கற்பது ஓர் உயிர்காக்கும் திறன். பாதுகாப்பான ஆழத்தில், பயிற்றுநரின் கண்காணிப்பில் அதனைக் கற்க ஓர் இடம் வேண்டும் என்ற வாதம் வலுவானது.

5. பணம் எங்கிருந்து வருகிறது?

உள்ளூராட்சி மன்றத்தின் வருமான மூலங்கள்:
- ஆதனவரி (சோலைவரி)
- வியாபார உரிமக் கட்டணங்கள்
- சந்தை, கடை என்பவற்றின் வாடகையும் குத்தகையும்
- நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வை என்பவற்றில் கிடைக்கும் பங்கு
- அரசாங்க மானியங்களும் திட்ட நிதியும்
- மண்டபம், மைதானம் முதலியவற்றின் பாவனைக் கட்டணங்கள்

நகரத்தில் கட்டடங்கள் அதிகம். ஆகவே ஆதனவரியும் அதிகம். கிராமியப் பிரதேச சபை ஒன்றின் சொந்த வருமானம் குறைவு. எனவே அது மானியத்தையே பெரிதும் நம்பியிருக்கும். ஒரே மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரே தரமான நூலகம் கிடைக்காமைக்கு இது மற்றொரு காரணமாகும்.

செலவு இரு வகைப்படும். கட்டடம் கட்டல், காணி வாங்கல், இயந்திரம் பொருத்தல் என்பன மூலதனச் செலவு. சம்பளம், மின்சாரம், பத்திரிகை, குளோரீன், திருத்த வேலை என்பன மீண்டெழும் செலவு. மூலதனச் செலவுக்கு நன்கொடையாளர் கிடைப்பர். திறப்பு விழாவில் பெயர்க்கல்லும் நாட்டப்படும். மீண்டெழும் செலவுக்கு அப்படி எவரும் முன்வருவதில்லை. அது ஆண்டுதோறும் சபையின் தலையில்தான் விழும். அழகாகத் திறக்கப்பட்ட பல கட்டடங்கள் சில ஆண்டுகளில் பாழடைவது இதனாலாகும்.

6. பயிற்சி: ஒரு பாதீட்டுத் தீர்மானம்

(இங்குள்ள எண்கள் பயிற்சிக்காக ஆக்கப்பட்டவை.)

நான்கு பிரதேச சபைகளைக் கொண்ட ஒரு சிறிய மாவட்டத்தில் உள்ள "அ" பிரதேச சபையிடம், சம்பளம் போக, நூலகம் மற்றும் விளையாட்டு வசதிகளுக்காக ஆண்டுக்கு 60 இலட்சம் ரூபா உண்டு. அதன் முன் உள்ள கோரிக்கைகள்:

- நூலகக் கூரை திருத்தம்: 18 இலட்சம்
- புதிய நூல்கள்: 8 இலட்சம்
- மைதான வடிகால்: 20 இலட்சம்
- மைதானத்தில் பெண்களுக்கான மலசலகூடமும் உடை மாற்றும் அறையும்: 9 இலட்சம்

இவற்றின் கூட்டுத்தொகை 55 இலட்சம். நான்கையும் செய்து 5 இலட்சம் மிகுதி வைக்கலாம்.

இந்நிலையில் நீச்சல் தடாகம் ஒன்றை இலவசமாகக் கட்டித்தர ஒரு திட்டம் முன்வருகிறது. அதன் வருடாந்தப் பராமரிப்பு 42 இலட்சம் ரூபா. நாளொன்றுக்கு 40 பேர், ஒருவருக்கு 150 ரூபா, மாதத்தில் 25 நாட்கள் எனக் கொண்டால் ஆண்டு வருமானம் 40 × 150 × 25 × 12 = 18 இலட்சம் ரூபா. எனவே ஆண்டுதோறும் 24 இலட்சம் ரூபா பற்றாக்குறை.

தடாகத்தை ஏற்றால் சபையிடம் எஞ்சுவது 36 இலட்சம். கூரையும் நூல்களும் மலசலகூடமும் செய்தால் 35 இலட்சம் முடிந்துவிடும். மைதான வடிகால் கைவிடப்படும். அத்துடன் கூரைத் திருத்தம் ஒருமுறைச் செலவு. தடாகத்தின் பற்றாக்குறையோ அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் தொடரும். "இலவசம்" என்ற சொல்லை எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது வழியும் உண்டு. மாவட்டத்தின் நான்கு சபைகளும் தடாகத்தைப் பொதுவில் ஏற்றுப் பற்றாக்குறையைச் சமமாகப் பங்கிட்டால், ஒரு சபைக்கு 6 இலட்சமே வரும். அப்போது "அ" சபையிடம் 54 இலட்சம் எஞ்சும். நூல் கொள்வனவை 8 இலட்சத்திலிருந்து 7 இலட்சமாகக் குறைத்தால் ஏனைய யாவும் நிறைவேறும். ஆனால் தூரத்துச் சபையின் பிள்ளைகள் தடாகத்துக்கு வந்து சேர்வது எப்படி? பேருந்து வசதி இல்லையெனில் அச்சபை மக்கள் தாம் பயன்படுத்தாத தடாகத்துக்குப் பணம் செலுத்துவோர் ஆவர். எனவே போக்குவரத்தையும் பாடசாலைகளுக்கான நேர ஒதுக்கீட்டையும் உடன்படிக்கையில் முன்கூட்டியே எழுதுதல் வேண்டும்.

இத்தகைய வினாவுக்கு ஒரே சரியான விடை இல்லை. தரவைப் பயன்படுத்தியமைக்கும், காரணம் காட்டியமைக்கும், பாதிக்கப்படுவோரை இனங்கண்டமைக்குமே புள்ளிகள் வழங்கப்படும்.

7. தீர்மானிப்பவர் எவர்? தட்டிக் கேட்பவர் எவர்?

பாதீட்டைச் சபையில் சமர்ப்பிப்பவர் தவிசாளர் (மாநகர சபையில் மேயர்). உறுப்பினர்கள் விவாதித்து வாக்களிப்பர். நடைமுறைப்படுத்துவோர் செயலாளரும் ஏனைய உத்தியோகத்தர்களுமாவர். பிரதேச சபைச் சட்டம் நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழினுட்ப சேவை, சுற்றாடலும் வசதிகளும் எனக் குழுக்களை அமைக்க வழிசெய்கிறது. கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிப்பார்.

2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் கலப்புத் தேர்தல் முறை முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. இதில் 60 வீதமானோர் வட்டார முறையிலும் 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலிலும் தெரிவாவர். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு. 2023 மார்ச் மாதத்தில் நடைபெற வேண்டிய அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. மன்றங்களின் பதவிக்காலம் அம்மாதமே முடிவடைய, செயலாளர்களும் ஆணையாளர்களும் அவற்றை நிருவகித்தனர். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்ட் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நூலகங்கள் திறந்தேயிருந்தன. ஆயினும் கூரையா, வடிகாலா முதலில் என்று மக்கள் சார்பில் கேட்பதற்குப் பெரும்பாலான மன்றங்களில் ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. ஒரு தேர்தல் பிற்போடப்பட்டால் இழக்கப்படுவது எது என்ற வினாவுக்கு இதனை உதாரணமாக எழுதலாம்.

பிரசைகள் மேற்கொள்ளக்கூடிய வழிகள்:
- வட்டார உறுப்பினருக்கும் தவிசாளருக்கும் எழுத்து மூலம் கோரிக்கை விடுத்தல்.
- வாசகர் வட்டம், விளையாட்டுக் கழகம் என்பவற்றினூடாகக் கூட்டாகச் செயற்படல்.
- 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் தகவல் கோருதல். தகவலை வழங்குவதா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.
- நூல்களையும் உபகரணங்களையும் சேதப்படுத்தாது பயன்படுத்தல், வரியையும் கட்டணத்தையும் உரிய காலத்தில் செலுத்துதல்.

8. மாதிரி வினா

"அ" பிரதேச சபையின் மைதானத்தைப் பெண் பிள்ளைகள் பயன்படுத்துவதில்லை.
(i) மைதானத்துக்குப் பொறுப்பான நிறுவனம் எது? (1 புள்ளி)
(ii) இந்நிலைக்கான இரு காரணங்களைக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)
(iii) சபை எடுக்கக்கூடிய இரு நடவடிக்கைகளை, அவை மூலதனச் செலவா மீண்டெழும் செலவா எனக் குறிப்பிட்டு விளக்குக. (4 புள்ளிகள்)
(iv) மாணவர்களாகிய நீங்கள் சபைக்கு அனுப்பும் கோரிக்கையில் இடம்பெற வேண்டிய மூன்று விடயங்களை எழுதுக. (3 புள்ளிகள்)

விடைக் குறிப்புகள்:
(i) பிரதேச சபை. ("பிரதேச செயலகம்" என எழுதினால் புள்ளி இல்லை.)
(ii) மலசலகூடம் இன்மை, ஒதுக்கப்பட்ட நேரம் இன்மை, வெளிச்சம் இன்மை போன்றவற்றுள் இரண்டு.
(iii) மலசலகூடமும் உடை மாற்றும் அறையும் கட்டல் - மூலதனச் செலவு. அவற்றை நாள்தோறும் துப்புரவு செய்ய ஊழியரை அமர்த்தல் - மீண்டெழும் செலவு. முதலாவது மட்டும் செய்யப்பட்டு இரண்டாவது கைவிடப்பட்டால் கட்டடம் பயனற்றுப் போகும் என விளக்குவது சிறப்பு.
(iv) பிரச்சினை எது, எத்தனை பேர் பாதிக்கப்படுகின்றனர், கோரும் தீர்வும் அதற்கான உத்தேசச் செலவும்.

செயற்பாடு: உங்கள் பிரதேசப் பொது நூலகத்துக்கோ மைதானத்துக்கோ சென்று திறந்திருக்கும் நேரம், நாளாந்தப் பாவனையாளர் எண்ணிக்கை, உடனடியாகத் திருத்த வேண்டிய மூன்று குறைகள் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துங்கள். குழுவாக ஒரு கோரிக்கைக் கடிதம் தயாரித்து, ஆசிரியரின் ஆலோசனையுடன் சபைக்கு அனுப்புங்கள். பரீட்சை எழுதி இரண்டொரு ஆண்டுகளில் உங்களில் பலர் வாக்காளர் ஆவீர்கள். வீடு தேடி வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் கேட்பதற்கு ஒரு நல்ல வினா அந்த அட்டவணையில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும்.